புதுப்பிப்பு: லேத்தில் புது சக்கின் ஆட்டம் சரியானது

லேத்தில் (கடைசல் இயந்திரம்) 160 மி.மீ. மூன்று தாடை சக்கை, அதாவது ஜாப்பைக் கவ்விப் பிடிக்கும் பாகத்தை, மாட்டியதும் ஜாப் (கடையும் துண்டு) சுழலும்போது ஆடுகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் மிக்க நன்றி.

பேக் பிளேட்டை (சக்கைத் தாங்கும் பின்தட்டு) தனியாக ஸ்பிண்டிலில் (லேத்தின் சுழலும் தண்டு) மாட்டி, அங்கேயே ஃபேசிங் போட்டு (முகப்பைச் சமமாகக் கடைந்து), ரெஜிஸ்டரை (தட்டின் நடுவில் உள்ள வட்ட மேடு) சக்கின் பின்பக்கக் குழிக்குப் பொருந்தும்படி கடையச் சொன்னார் ஒரு அண்ணன். அதுதான் பலித்தது. டயல் கேஜில் (ஆட்டத்தை அளக்கும் கருவி) 0.25 மி.மீ. காட்டிய ஆட்டம் 0.06க்கு இறங்கிவிட்டது. இந்த வகை சக்குக்கு இது தாராளமாகப் போதும்.

இடையில் எதிர்பாராத ஒன்று: ரெஜிஸ்டர் கச்சிதமாக உட்கார்ந்தும், போல்ட்டை முறுக்கியதும் சக் மறுபடி ஆடியது. பேக் பிளேட்டில் டேப் போட்ட (மரை வெட்டிய) துளைகளின் வாயில் உலோகம் லேசாகப் புடைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். கவுண்டர்சிங்க் (கூம்பு முனை வெட்டும் கருவி) வைத்துத் துளை வாயைச் சற்றே சரித்தேன். அப்புறம் சக் இடைவெளியின்றி ஒட்டிக்கொண்டது. பேக் பிளேட் போன்ற வார்ப்பிரும்பைக் கடையும்போது தூள் லேத்தின் பெட்டில் (அடித்தளத்தில்) படியும். அட்டை போட்டு மூடிக்கொள்ளுங்கள்.