ஒன்றேகால் பவுன் எடை

[குழு: நம் வீடு]

மாலை 5:12 (இந்திய நேரம்)
கவிதா: [படம்] அம்மா, இந்தத் தொண்டையைப் பாருங்கள். பிளாக்பர்னியன் வார்ப்ளர் என்கிற சின்னப் பறவை. காலையில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில், ராம்பிள் என்கிற மரக்காட்டுப் பக்கம் பார்த்தேன்.

அம்மா: அடேயப்பா, ஊதிவிட்ட தணல் மாதிரி! எங்கிருந்து வருகிறது?

கவிதா: பனிக்காலம் முழுக்க கொலம்பியா, பெரு பக்கம் ஆண்டிஸ் மலையில் இருக்கும். கூடு கட்ட இப்போது கனடா பக்கம் போகிறது. எடை பத்து கிராம்தான்.

அம்மா: ஒன்றேகால் பவுனா! அதற்குள் இவ்வளவு தெம்பா!

சித்தப்பா: அத்தனை பெரிய ஊரில் ஏன் இறங்குகிறது பாப்பா?

கவிதா: ராத்திரியில்தான் பறக்கும் சித்தப்பா. தெற்குக் காற்று அடித்தால் கூட்டமாகக் கிளம்பிவிடும். நேற்று அடித்தது, அதனால்தான் நாலரைக்கே எழுந்தேன். விடியும்போது கீழே எங்கும் சிமெண்ட், நடுவில் 843 ஏக்கர் பச்சை. வேறு எங்கே இறங்கும்? ஓக் மரங்கள் பூக்கிற நேரம், தளிரெல்லாம் புழு. பிளாக் அண்ட் ஒயிட் வார்ப்ளர் ஒன்று அடிமரத்தில் தலைகீழாக இறங்கி வந்து, என் முழங்கை உயரத்தில் பட்டை இடுக்கிலிருந்து ஒரு சிலந்தியை இழுத்தது. மூச்சு விடவே பயமாக இருந்தது.

செந்தில்: நம் வேப்பமரத்து மாங்குயிலும் வடக்கே போய்விட்டது அக்கா. மார்ச்சோடு சத்தம் இல்லை.

கவிதா: திரும்பும்போது ஓவன்பேர்ட் என்கிற இன்னொரு வகைச் சின்னப் பறவை நடைபாதையில் கிடந்தது. கட்டிடக் கண்ணாடியில் தெரிகிற மரத்தை நிஜம் என்று நம்பி மோதிவிடுகிறது. கையில் எடுத்தேன், உள்ளங்கையில் நெஞ்சு படபடவென்று அடித்தது.

அம்மா: ஐயோ. பிழைக்குமா?

கவிதா: காகிதப் பையில் வைத்து, கொலம்பஸ் அவென்யூவில் இருக்கும் பறவை ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். மாலையில் சொல்வார்கள்.

செந்தில்: தடுக்க வழியே இல்லையா?

கவிதா: இருக்கிறது. இங்கே ஜாவிட்ஸ் மாநாட்டு மையத்தில் புள்ளி போட்ட கண்ணாடி மாற்றியதும் மோதிச் சாவது சுமார் 90 சதவீதம் குறைந்தது. 2021 முதல் புதுக் கட்டிடங்களுக்குச் சட்டமே உண்டு. வெளிக் கண்ணாடியை மொத்தமாக மாற்றாத வரை பழைய கட்டிடங்களை அது தொடாது, அதுதான் எனக்கு ஆத்திரம். ராத்திரி வெளிச்சமும் பறவைகளை ஊருக்குள் இழுத்துவிடுகிறது.

அம்மா: நீ விளக்கை அணைக்கிறாயா?

கவிதா: பத்து மணிக்கே அணைத்துவிடுகிறேன். மேல் மாடிக்காரர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதிகாலை 4:50 (இந்திய நேரம்)
அம்மா: கவிதா, ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார்கள்?

கவிதா: இப்போதுதான் பேசினேன் அம்மா. எழுந்து நிற்கிறதாம். புழு தின்றதாம்.

அம்மா: சரி, இனிமேல் தூங்குவேன்.