செல்வமகள் கணக்குக்கு அம்மா கையெழுத்து போதாதா?

தோழிகளே, ஒரு யோசனை வேண்டும். ஆறு வயது மகளுக்குச் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்க நேற்று ஒரு வங்கிக் கிளைக்குப் போனேன். என் ஆதார், பான், பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ், என் சம்பளத்தில் எடுத்து வைத்த 5,000 ரூபாய், எல்லாம் கையில். படிவத்தைப் புரட்டியவர், "சார் வரலையாம்மா? அவர் கையெழுத்து போட்டாத்தான் நல்லது" என்றார். கோபமாக இல்லை, ரொம்ப அன்பாக. அதுதான் எரிச்சல். போன மாதம் என் வீட்டுக்காரர் தனியாகப் போய் மகனுக்குக் கணக்கு தொடங்கினார். 'மேடம் வரலையா' என்று யாரும் கேட்கவில்லை. பெண் குழந்தைக்கென்றே 2015-இல் வந்த திட்டம் வேறு!

இதில் பாதுகாவலராக அப்பா, அம்மா யார் வேண்டுமானாலும் இருக்கலாம். தந்தை உயிரோடு இருக்கும்போதே தாயும் இயற்கைப் பாதுகாவலராக முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது. இதையெல்லாம் கவுன்டரில் நின்று சொல்ல வாய் வரவில்லை.

அம்மா கையெழுத்தில் மட்டும் தொடங்கியவர்கள் இருக்கிறீர்களா? என்ன சொன்னீர்கள்? மேலாளரிடம் எழுதிக் கொடுக்கவா, பேசாமல் தபால் நிலையத்துக்கே போய்விடவா? இன்னொரு நாள் விடுப்பு எடுக்கும் முன் சொல்லுங்கள்.