'எப்படி' என்று சொல்லும் வினையடைக்கு என்ன பெயர்?

லாஸ்பேட்டை ஆசிரியை:
குழுவினருக்கு வணக்கம். 9ஆம் வகுப்பு ஆங்கில இலக்கணக் கையேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் வினையடை வாக்கியத்தில் எங்கே நிற்கும் என்பது பாடம். பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் 'ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்' என்கிறார்கள். பிரெஞ்சில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே 'பியேன்' (அவர்களுடைய 'வெல்') உட்காரும். ஆங்கிலத்தில் 'வெல்' கடைசிக்குப் போயாக வேண்டும். மற்றப் பிள்ளைகள், தமிழில் அடை வினைக்கு முன்னால் வரும் பழக்கத்தில், 'ஷி வெல் ஸ்பீக்ஸ்' என்று எழுதுகிறார்கள். 'தன்மை வினையடை' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

மஞ்சக்குப்பம் புலவர்:
கூடவே கூடாது அம்மா. தன்மை என்றால் நான், நாம். தன்மை வினைமுற்று படித்த பிள்ளை என்ன நினைக்கும்? வாக்கியத்தின் முன்னால் நிற்பதை 'முன்னிலை' என்றும் எழுதிவிடாதீர்கள், பிறகு படர்க்கையைத் தேடுவார்கள். 'பாங்கு வினையடை' எனலாம். அடை நிற்கும் இடங்களுக்குப் பெயர் வைக்க, அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இருக்கிறதே: முதனிலைத் தீவகம், இடைநிலைத் தீவகம், கடைநிலைத் தீவகம். ஒரு சொல் ஓரிடத்தில் நின்று பாட்டு முழுக்கப் பொருள் தருவதால் தீவகம், அதாவது விளக்கு.

முத்தியால்பேட்டை மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, மணிமேகலையில் தீவகம் என்றால் தீவு. அது கிடக்கட்டும். பாங்கு என்றால் எங்கள் தெருவில் பள்ளிவாசல்தான் நினைவுக்கு வரும். கடைநிலை என்றால் கடைநிலை ஊழியர். இடைநிலையோ நன்னூலில் சொல்லுக்குள் இருப்பது, 'செய்தான்' என்பதில் வரும் 'த்' போல. 'எப்படி வினையடை' என்றே வைத்துவிடுங்களேன். இடங்களுக்கு முதலில், நடுவில், கடைசியில்.

நெய்வேலி நண்பர்:
பெயரை விடுங்கள், விதியைச் சரியாகப் போடுங்கள். 'ஹி க்விக்லி ஓபன்ட் த டோர்' பிழையில்லை, 'க்விக்லி' கடைசியிலும் வரும். 'வெல்' மட்டும் அப்படி வினைக்கு முன்னால் நிற்காது. அதுவும் செயப்பாட்டுவினையில் நிற்கும்: 'த புக் இஸ் வெல் ரிட்டன்'. எல்லா அடையும் கடைசியில் என்று ஒரே வரியில் அடித்துவிட்டால் பிள்ளைகள் இதையும் 'திருத்துவார்கள்'.

புலவர்:
வினாச்சொல்லால் இலக்கணப் பெயர் வைப்பது மரபன்று. நாளை 'எங்கே வினையடை', 'எப்போது வினையடை' என்பீர்கள்.

மொழிபெயர்ப்பாளர்:
ஆமாம் ஐயா, அதையும்தான் சொல்ல நினைத்தேன்.

ஆசிரியை:
நான்கு பேர் 'எப்படி' என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். நேரமில்லை, அதையே வைக்கிறேன். புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். 'வெல்' அட்டவணையைத் தனியாகச் சேர்க்கிறேன்.

புலவர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். மணிமேகலைத் தீவகத்துக்குத் தனி இழை தொடங்குகிறேன்.