மூன்றாம் இயல் இரண்டான பிறகு

குழு: நம்ம வீடு

இரவு 8:05

கவிதா: ஆய்வேடு திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் இயல் ரொம்ப நீளமாம். ஏரியைக் கவனித்த ஊர்க்குழுவான ஏரி வாரியம் ஒன்று, மதகும் பாசன வரியும் இன்னொன்று என்று இரண்டாகப் பிரிக்கச் சொல்கிறார் நெறியாளர்.

அம்மா: பிரித்துக் கொடுத்துவிடு, அதற்கென்ன.

கவிதா: பிரிப்பது பெரிய வேலை இல்லை அம்மா. 4, 5, 6 எல்லாம் 5, 6, 7 ஆகிவிடும். உள்ளே "இயல் 4-இல் காண்க" என்று எங்கெங்கே எழுதியிருக்கிறேனோ! எல்லாம் கையால் அடித்த எண்கள்.

அருண்: ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடு. ஆனால் கடைசியிலிருந்து வா. முதலில் 6-ஐ 7 ஆக்கு, அப்புறம் 5-ஐ 6, பிறகு 4-ஐ 5. முன்னாலிருந்து போனால் 4 ஐந்தாகும், அந்த ஐந்து அடுத்த சுற்றில் ஆறாகும், கடைசியில் எல்லாமே ஏழில் போய் நிற்கும்.

கவிதா: நல்ல வேளை, இன்னும் தொடவில்லை.

ராதா அத்தை: "நான்காம் இயலில்" என்று எழுத்தால் எழுதியதை அது பிடிக்குமா அருண்?

அருண்: பிடிக்காது அத்தை. "முந்தைய இயலில்", "அடுத்த இயலில்" இரண்டும் சிக்காது. கவி, இனிமேல் எண்ணாகவே எழுது.

ராதா அத்தை: பழைய மூன்றைச் சுட்டிய இடங்களையும் பாரம்மா. எண் மாறவில்லையே என்று விட்டுவிடாதே. மதகு பற்றியது என்றால் இப்போது அது நான்கு. அதை எந்த மென்பொருளும் சொல்லாது, நீதான் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

கவிதா: ஐயோ, ஆமாம் அத்தை 😩

இரவு 8:31

அருண்: இந்தத் தடவையோடு கையால் அடிப்பதை நிறுத்து. வேர்டில் இயல் தலைப்புக்கெல்லாம் ஹெடிங் 1 ஸ்டைல் கொடு. எண்ணை நீ அடிக்காதே, மல்டிலெவல் லிஸ்ட்டை அந்த ஸ்டைலோடு இணைத்துவிட்டால் அதுவே போட்டுக்கொள்ளும். "இயல் 5" என்று வர வேண்டிய இடத்தில் ரெஃபரன்சஸ், கிராஸ்-ரெஃபரன்ஸ், ஹெடிங் நம்பர். "-இல்", "-ஐ" எல்லாம் அதற்கு வெளியே நீ அடித்துக்கொள்.

கவிதா: நாளைக்கு இன்னொரு இயலைச் சேர்த்தால் தானாக மாறிவிடுமா?

அருண்: தலைப்பு எண் உடனே மாறும். உள்ளே சுட்டிய எண் மாறாது. கன்ட்ரோல்-ஏ, அப்புறம் எஃப்9 அடித்தால்தான் மாறும். அடிக்குறிப்பில் சுட்டியிருந்தால் அங்கேயும் போய்த் தனியாக அடிக்க வேண்டும். ஒரு தலைப்பையே அழித்துவிட்டால் திரையில் பழைய எண்ணே நிற்கும், பிரின்ட் கொடுக்கும்போது "எரர்! ரெஃபரன்ஸ் சோர்ஸ் நாட் ஃபவுண்ட்" என்று கொட்டை எழுத்தில் வந்து விழும். பைண்டிங் செய்து முடித்த பிரதியில் அதைப் பார்த்திருக்கிறேன்.

சேது மாமா: உங்கள் கணினித்துறையில் இதற்கு வேறு ஏதோ வைத்திருப்பீர்களே?

அருண்: லேடெக் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது மாமா. தலைப்புக்கு ஒரு லேபிள் வைத்துவிட்டு, சுட்டும் இடத்தில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை எழுதுவோம். முதல் ஓட்டத்தில் எந்தப் பெயருக்கு எந்த எண் என்று பக்கத்து ஃபைலில் குறித்துக்கொள்ளும், இரண்டாவது ஓட்டத்தில்தான் அதைப் படித்து எண்ணைப் போடும். லேபிள் இல்லையென்றால் அந்த இடத்தில் இரண்டு கேள்விக்குறி.

சேது மாமா: அது ரொம்ப நல்லது. கேள்விக்குறி கண்ணை உறுத்தும். தப்பான எண் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், புரூஃப் பார்க்கிறவன் கண்ணில் படாது.

கவிதா: நானும் லேடெக்குக்கு மாறிவிடவா அண்ணா?

அருண்: சமர்ப்பிக்கப் போகிற நேரத்திலா? பேசாமல் வேர்டிலேயே இரு.

இரவு 8:58

சேது மாமா: அந்தக் காலத்தில் எங்கள் அச்சகத்தில் கை அச்சுக்கோர்ப்பு, ஒவ்வோர் எழுத்தாகக் கையால் அடுக்குவோம். பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். அதை ஓட்டி முடித்ததும் எழுத்தைப் பிரித்து அதனதன் பெட்டியில் போட்டுவிடுவோம், அடுத்த ஃபாரத்துக்கு அதே எழுத்துதான் வேண்டும். அதனால் "பக்கம் 212 காண்க" என்று பின்னால் வரப்போகிற பக்கத்தைச் சுட்ட வழியே கிடையாது. அந்தப் பக்கமே இன்னும் பிறக்கவில்லை. முன்னால் போனதற்குப் பக்க எண் போடலாம், பின்னால் வருவதற்கு இயல் பெயரோடு சரி. ஆசிரியர்கள் சண்டைக்கு வருவார்கள்.

கவிதா: இந்த நோக்கில் பழைய புத்தகங்களை நான் பார்த்ததே இல்லை மாமா.

ராதா அத்தை: பின்னால் சொல்வோம், முன்னால் சொன்னோம் என்பதற்கு இலக்கணத்திலேயே இடம் உண்டு. நன்னூலின் 32 உத்திகளில் "உரைத்தும் என்றல்", "உரைத்தாம் என்றல்" இரண்டும் வருகின்றன. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள்.

சேது மாமா: கவி, எண்ணைச் சரிசெய்தால் மட்டும் போதாது. "மேலே கூறியபடி" என்று நீ எழுதியதை நான் படித்தேன். மேலே என்றால் எங்கே? நூறு பக்கம் மேலேயா? "உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் ஏரி வாரியம் (இயல் 3)" என்று எழுது. அங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் புரட்டலாமா வேண்டாமா என்று படிக்கிறவர் முடிவு செய்வார்.

அருண்: எண் தப்பிப் போனாலும் எதைத் தேட வேண்டும் என்றாவது தெரியும்.

சேது மாமா: அதேதான். ஒரே வரியில் முடிகிற சங்கதி என்றால் புரட்டவே வைக்காதே. பராந்தக சோழன் காலம் என்பதை இன்னொரு முறை எழுதினால் காகிதமா தீர்ந்துவிடும்?

கவிதா: நெறியாளர் கூறியது கூறல் என்று சுழித்துவிடுவார் மாமா.

ராதா அத்தை: ஒரு வரிக்கு யாரும் சுழிக்க மாட்டார்கள். அரைப் பக்கம் திரும்ப வந்தால் சுழிப்பார்.

அம்மா: எல்லோரும் சாப்பிட்டாயிற்றா? இவள் இன்னும் சாப்பிடவில்லை.

இரவு 10:20

கவிதா: தலைப்பெல்லாம் ஹெடிங் 1 ஆக்கிவிட்டேன். எண் தானாக வருகிறது. ஆனால் எல்லாத் தலைப்பும் "இயல் 5 இயல் 5" என்று இரட்டையாக நிற்கிறது அண்ணா.

அருண்: ஒன்று நீ அடித்தது, ஒன்று அது போட்டது. நீ அடித்ததை அழி.

கவிதா: சரி. போய்விட்டது 👍

அருண்: அட்டவணை, வரைபடத்துக்கெல்லாம் தலைப்பு எப்படிப் போட்டிருக்கிறாய்? இன்சர்ட் கேப்ஷன் வழியாகத்தானே?

கவிதா: …

அருண்: கையாலா?

கவிதா: கையால்தான்.

அருண்: சாப்பிட்டுவிட்டு வா, கால் போடுகிறேன்.