மாநாட்டுக் கட்டுரை, குழு அமர்வு முன்மொழிவு: அவசர உதவி தேவை

டர்பன் மாணவி:
அனைவருக்கும் வணக்கம். முன்பார்வைக்காகத் துறையில் கொடுத்த என் மாநாட்டுக் கட்டுரை, ‘வடிவ விதிகளுக்குப் பொருந்தவில்லை’ என்ற ஒற்றை வரிக் குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், வார்விக் சந்திப்பு என்ற பகுதியிலுள்ள விடியற்காலைச் சந்தையின் வணிகர்கள் தமக்குள் கடன் கொடுத்து வாங்கும் முறையைப் பற்றிய கட்டுரை அது. இதே பொருளில் நான்கு பேர் பங்கேற்கும் குழு அமர்வு ஒன்றையும் முன்மொழிய வேண்டும். கெடு நெருங்கிவிட்டதால், எதைத் திருத்துவது என்று தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

சாட்ஸ்வொர்த் வாசகர்:
எந்த மாநாடு, எத்தனை பக்கம், கெடு எந்த ஊர் நேரப்படி என்ற மூன்றையும் சொல்லாமல் கேட்டால் யாரால் பதில் சொல்ல முடியும், தங்கச்சி? கெடு அமெரிக்க நேரப்படி என்றால், ஜனவரியில் நியூயார்க்கின் மாலை 5 மணி நமக்கு நள்ளிரவு 12 மணி என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய நடுவர்:
ஆண்டுதோறும் இதே கேள்வி வருகிறது. விதிமுறைப் பக்கத்தைப் படிக்க முனைவர் பட்டம் தேவையில்லை. முதல் பக்கத்தில் பெயரை அழித்துவிட்டு, வேர்டு கோப்பின் பண்புகளில் ‘ஆசிரியர்’ என்ற இடத்தில் அதை அப்படியே விட்டிருப்பீர்கள். பெயர் மறைத்து மதிப்பிடும் மாநாட்டில் அது போதும் கட்டுரையைத் திருப்பியனுப்ப.

டர்பன் மாணவி:
அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட மேலாண்மை ஆய்வாளர் அமைப்பான அகாடமி ஆஃப் மேனேஜ்மென்ட்டின் ஆண்டுக் கூட்டம். 39 பக்கம். பெயரைப் பண்புகளிலிருந்தும் நீக்கிவிட்டேன், ஐயா.

ஃபீனிக்ஸ் அண்ணன்:
அப்படியானால் தாள் அளவைப் பாருங்கள். நம் ஊர்க் கணினிகளில் வேர்டு ஏ4 தாளில்தான் திறக்கும். அவர்கள் கேட்பதோ எட்டரைக்குப் பதினொன்று அங்குல அமெரிக்கத் தாள். அதன் உயரம் ஏறக்குறைய 18 மில்லிமீட்டர் குறைவு. அகலம் 6 மில்லிமீட்டர்தான் கூடுதல். எனவே இரட்டை இடைவெளியில் 39 பக்கமாக இருப்பது, தாளை மாற்றியதும் அட்டவணைகளையும் உட்படுத்திய 40 பக்க வரம்பைத் தாண்டக்கூடும்.

குழு அமர்வுக்கு வேறு கணக்கு. அங்கே பெயர் மறைப்பதில்லை. யார் பேசுகிறார்கள் என்பதையும் நடுவர்கள் பார்ப்பார்கள். பங்கேற்பவர் ஒவ்வொருவரின் இசைவும் வேண்டும். கட்டுரையின் சுருக்கத்தையே நான்காகப் பிரித்து அனுப்பிவிடாதீர்கள். நால்வரும் கருத்து வேறுபடக்கூடிய ஒரு கேள்வியை முன்வையுங்கள்.

பழைய நடுவர்:
அதோடு தலைப்பிலிருந்து டர்பனை எடுத்துவிடுங்கள். ஊர்ப்பெயரைக் கண்டதும், ‘கோட்பாட்டுக்கு இதில் என்ன புதிது?’ என்றுதான் நடுவர் கேட்பார்.

சாட்ஸ்வொர்த் வாசகர்:
இதை நான் ஏற்கமாட்டேன். இனவாரியாகக் குடியிருப்புப் பகுதிகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப் பகுதிகள் சட்டத்தால் வீடும் கடையும் இழந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு, வங்கியில் ஈடு வைக்க என்ன மிஞ்சியிருக்கும்? அந்த வரலாற்றை விட்டுவிட்டு, அடமானம் இல்லாத கடனில் நம்பிக்கை எப்படி உருவாகிறது என்று எழுதினால், விளைவு மட்டும் இருக்கும், காரணம் இருக்காது. அமெரிக்க நிறுவனங்களைப் பற்றி எழுதுபவரிடம் ஊர்ப்பெயரை எடுக்கும்படி யாரும் கேட்பதில்லையே.

பழைய நடுவர்:
வரலாறு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பத்தியில் கேள்வி நிற்கட்டும், சந்தை இரண்டாம் பத்தியில் வரட்டும் என்கிறேன். நூற்றுக்கணக்கான சுருக்கங்களை வாசித்துக் களைத்தவர் மூன்றாம் பத்திவரை பொறுத்திருக்கமாட்டார், தம்பி.

ஃபீனிக்ஸ் அண்ணன்:
நீங்கள் இருவரும் ஒரே கருத்தைத்தான் இரண்டு விதமாகச் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அந்தப் பெண் இருக்கிறாரா, போய்விட்டாரா?

டர்பன் மாணவி:
தாளை மாற்றியதும் 41 பக்கம் ஆனது. இரண்டு அட்டவணைகளை ஒன்றாக்கி 40-க்குள் கொண்டுவந்து கட்டுரையை அனுப்பிவிட்டேன். டர்பன் தலைப்பிலேயே இருக்கிறது. குழு அமர்வுக்கு ஒரு பேராசிரியரின் இசைவு மட்டும் இன்னும் வரவில்லை. நன்றி.

பழைய நடுவர்:
கட்டுரைகளும் குழு அமர்வுகளும் இடம்பெறும் ஆய்வு நிகழ்ச்சியில் ஒருவர் மூன்றுக்கு மேற்பட்ட அமர்வுகளில் இடம்பெற முடியாது என்ற விதி அங்கே உண்டு. அந்தப் பேராசிரியர் ஏற்கெனவே எத்தனை முன்மொழிவுகளில் பெயர் கொடுத்திருக்கிறார் என்று கேட்டீர்களா?