புதுப்பிப்பு: "இனி ஊரை நினைத்துத் தலைகுனிய வேண்டாம்" என்ற என் பழைய பதிவு

2022 ஆகஸ்ட் 23 அன்று, மலேசியாவின் முன்னாள் பிரதமர் நஜிப் ஊழல் வழக்கில் காஜாங் சிறைக்குப் போன இரவு, மெல்பர்னிலிருந்து நீளமாக ஒரு பதிவு போட்டிருந்தேன். மலேசியாவுக்கு விடிந்துவிட்டது என்கிற மாதிரி. "அவசரப்படாதே தம்பி" என்று சிலர் சொன்னீர்கள். சரி, நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

2024 பிப்ரவரியில் மன்னிப்பு வாரியம் அவருடைய 12 வருடத் தண்டனையை 6 ஆக்கிவிட்டது. 210 மில்லியன் ரிங்கிட் அபராதம் 50 மில்லியன் ஆயிற்று. ஏன் என்று அறிக்கையில் ஒரு வரி கிடையாது. ஒன்எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிதி பற்றிய பெரிய வழக்கோ அப்போதும் நீதிமன்றத்தில்தான் இருந்தது.

எனக்கு எரிவது வேறு இடத்தில். நஜிப்பைத் தோற்கடித்த 2018 பொதுத் தேர்தலுக்கு மே 9 வாக்குப்பதிவு. கிள்ளான் தொகுதிக்கான என் அஞ்சல் வாக்குச்சீட்டு மெல்பர்னில் கைக்கு வந்தது முந்தின நாள் காலை. அரை நாள் லீவு போட்டு, சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு மலேசியரைப் பிடித்து, உறையை ஒட்டி, விமான நிலையத்தில் கோலாலம்பூர் வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஓர் அக்காவிடம் கொடுத்தேன். "கிள்ளான்தானே, நான் பாத்துக்கறேன்" என்றார். போய்ச் சேர்ந்ததா, இன்றுவரை தெரியாது.

அப்பாவிடம் போனில் புலம்பினால், "சாப்பிட்டியா?" என்கிறார்.

அப்புறம், ஆஸ்திரேலியக் குடியுரிமை பற்றிக் கேட்ட அண்ணனுக்கு: நம் நாட்டில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. படிவம் பாதியில் நிற்கிறது. சிவப்பு மலேசியப் பாஸ்போர்ட்டை அடுத்த மாதம் புதுப்பிக்கிறேன்.