புகிஸ் உழவர் ஊர் ஒன்றில் மூன்று மாதம் தங்குவது பற்றி

வடகரப்பதி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தங்கையின் மகள் வேளாண்மையில் முதுகலை படிக்கிறாள். இந்தோனேசியாவின் தென் சுலவேசியில், சிதென்றெங் ரப்பாங் மாவட்டத்தில் உள்ள ஒரு நெல் விளையும் சிற்றூரில், அங்கு வாழும் புகிஸ் இனத்துக் குடும்பம் ஒன்றின் வீட்டில் மூன்று மாதம் தங்கி அவள் ஆய்வு செய்யவிருக்கிறாள். அந்த ஊரின் பெயரை நிலப்படத்தில் தேடினால் ஒரு பள்ளிவாசலும் ஒரு வாய்க்காலும் தெரிகின்றனவே தவிர, வேறு செய்தி எதுவும் கிடைக்கவில்லை. புகிஸ் மக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் அவர்களுடைய பாய்மரக் கப்பல்களையே எழுதுகிறார்கள். சேற்றில் இறங்கி நிற்கிறவர்களைப் பற்றி எழுத ஆளில்லை போலும். நான் பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் நான்கு ஏக்கரில் பயிர் செய்கிறவன். எனவே, வீடு எப்படிப்பட்டது, நிலம் யாருடையது, பயிரிடுகிறவனுக்கு என்ன மிஞ்சுகிறது என்பவற்றை அறிய விரும்புகிறேன். பெரியவர்களிடம் அவள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று என் தங்கையும் கேட்கச் சொன்னாள்.

பனங்காடு எழுதியது:

ஐயா, நான் மலேசியாவின் தவாவ் நகரத்துக்கு அருகே ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் கணக்கராகப் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். அங்கு என்னுடன் வேலை செய்தவர்களில் பலர் போனே மாவட்டத்துப் புகிஸ் உழவர்கள். ஒரு விடுமுறையில் அவர்களில் ஒருவருடைய ஊருக்குச் சென்று ஒன்பது நாள் தங்கினேன். தாங்கள் சொல்வது வேறு மாவட்டம் என்றாலும் வீட்டின் அமைப்பு பெரிதும் மாறாது.

மரக்கால்களின் மேல் நிற்கும் வீடு. ஏணிப்படி ஏறித்தான் உள்ளே போக வேண்டும். நடுத்தட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள். கூரைக்கு அடியிலுள்ள ராக்கேயாங் என்னும் பரணில் நெல்லைச் சேர்த்து வைப்பது வழக்கம். தரைக்கும் வீட்டுக்கும் இடையிலுள்ள நிழலில் கோழிகள், மோட்டார் சைக்கிள், உழவு டில்லர், ஒரு மூங்கில் கட்டில் ஆகிய எல்லாம் இருக்கும். பகலில் ஊர்ப்பேச்சு முழுவதும் அந்தக் கட்டிலில்தான் நடக்கிறது. கூரையின் முகப்பில் எத்தனை அடுக்குப் பலகை வைக்கலாம் என்பது குடும்பத்தின் குலநிலையைப் பொறுத்தது என்று எனக்குச் சொன்னார்கள். சிமெண்டு வீடுகளும் இப்போது பெருகிவருகின்றன.

என்னை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. அந்த மரவீடு நம் வீடு போல மண்ணோடு ஒட்டியதன்று. இடம் மாற வேண்டுமானால் மூங்கில்களைக் கட்டி, ஊர் ஆண்கள் எல்லோரும் தோள்கொடுத்து, வீட்டை அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும் உண்டு. வீடு ஒருவருக்கும் அடிநிலம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கக்கூடும் என்பது இதைக் கேட்ட பிறகே எனக்கு விளங்கியது.

வயலிலும் அப்படித்தான். நிலமில்லாதவர்கள் தேசெங் என்னும் வாரமுறையில், அதாவது விளைச்சலை உடைமையாளரோடு பங்கிட்டுக்கொள்ளும் முறையில், பயிரிடுகிறார்கள். விதையும் உரமும் யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துப் பங்கு மாறும். அங்கும் 1960இல் வாரச் சாகுபடிக்குச் சட்டம் வந்திருக்கிறது, ஆனால் ஊரில் செல்வது வழக்கமே. கேரளத்தில் 1970 சனவரி 1 முதல் பாட்டம் என்னும் குத்தகைமுறை ஒழிந்ததைக் கண்ணால் கண்ட குடும்பத்தில் பிறந்த எனக்கு, அவர்கள் உடைமையாளரைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்துவது என் தாத்தாவை நினைவூட்டியது. பங்கு போதாதவர்கள் தவாவுக்கு வந்தார்கள். வந்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் நான் படுத்துறங்கிய வீட்டின் தகரக்கூரை போடப்பட்டிருந்தது.

பழைய கிருஷிபவன் எழுதியது:

பனங்காட்டார் வீட்டைச் சொல்லிவிட்டார். நான் மழையைச் சொல்கிறேன். தென் சுலவேசித் தீபகற்பத்தின் நடுவே மலைத்தொடர் ஓடுகிறது. மேற்குக் கரையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பெருமழை. கிழக்குக் கரையிலோ ஏப்ரல் முதல் சூலை வரை மழை. ஆனைமலைக்கு அந்தப்புறம் சூனில் கொட்டும்போது இந்தப்புறம் நாம் ஐப்பசிக்காகக் காத்திருக்கிறோமே, அதே கணக்குத்தான். ஒரு கரையில் கதிர் முற்றும்போது மறு கரையில் முற்றாது என்பதால், அறுவடைக் கூலிகள் கூட்டமாக மலையைக் கடந்து போய் அறுத்துக்கொடுத்து, கூலியை நெல்லாகவே வாங்கி வருவது பல தலைமுறைகளின் பிழைப்பாக இருந்தது. முன்பு விரலிடுக்கில் பிடிக்கும் சிறு கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்தார்கள். குட்டை நெல் வந்ததும் அரிவாள் வந்தது. இப்போது அறுவடை இயந்திரம் வந்து இரண்டையும் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து பாலக்காட்டு வயல்களுக்கு மணிக்கணக்கு வாடகையில் இயந்திரம் வருவதைப் பார்க்கிற நமக்கு இது புதிதில்லை. இயந்திரம் வந்தபின் அந்தக் கூலிக்காரப் பெண்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தங்கள் மருமகள் ஆராய்ந்தால், உர அளவை ஆராய்வதைவிடப் பயன் உண்டு என்பது என் கருத்து.

இன்னொன்று. நடவுக்கு முன் துடாங் சிபுலுங், அதாவது 'கூடி அமர்தல்', என்ற கூட்டம் நடக்கிறது. உழவர்களும் வாய்க்கால் பொறுப்பாளர்களும் அரசு அலுவலர்களும், பழைய சுவடிக் குறிப்புகளைக் கொண்டு பருவம் சொல்லும் பெரியவர்களும் ஒரே பந்தலில் அமர்ந்து, எந்த நாளில் நாற்று விடுவது, எந்த ரகம் போடுவது என்று முடிவெடுப்பார்கள். எல்லோரும் ஒரே காலத்தில் நட்டால் நெல்லைத் தாக்கும் புகையான் பூச்சிக்குத் தொடர்ந்து இரை கிடைக்காது. அந்தச் சுவடிகளின் எழுத்துக்கு லொந்தாரா என்று பெயர். பனையோலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது.

எல்லைப்பள்ளி ஆசிரியை எழுதியது:

தங்கள் தங்கைக்கு என் பதில். அமர்ந்திருக்கும் பெரியவர்களின் முன்னே கடக்க நேர்ந்தால் குனிந்து, வலக்கையைத் தாழ்த்தி, 'தாபே' என்று சொல்லிக் கடக்க வேண்டும். 'ஆம்' என்பதற்கு 'இயே' என்றால் மரியாதை. புகிஸ் மொழியிலும் நம் மொழியைப் போலவே கேட்பவரைச் சேர்த்த 'நாம்' வேறு, சேர்க்காத 'நாங்கள்' வேறு; அந்த 'நாம்' என்ற இதி என்னும் சொல்லையே பெரியவர்களை மரியாதையாக அழைக்கவும் சொல்கிறார்கள்.

திருமணப் பேச்சு காதில் விழுந்தால் அவள் திகைக்கக் கூடாது. அங்கே மாப்பிள்ளை வீட்டார்தான் பெண் வீட்டாருக்குப் பணம் கொடுக்கிறார்கள். பெண்ணின் படிப்பும் குலமும் உயர உயரத் தொகையும் உயரும், அதற்காக வயலை அடகு வைக்கிறவர்களும் உண்டு. சொத்தில் பெண்ணுக்குத் தலைச்சுமை, ஆணுக்குக் காவடிச்சுமை என்பது அவர்கள் வழக்கு. காவடிக்கு இரண்டு பக்கம் அல்லவா, ஆணுக்கு இரண்டு பங்கு.

அவர்கள் முஸ்லிம்கள். இருந்தாலும், விதைநெல்லுக்கு இரவு முழுதும் விழித்துக் காவல் இருந்து, நெல்தெய்வமான சங்கியாங் செர்ரியையும் அவளுக்குத் துணைநின்ற பூனையையும் பற்றிய கதையைப் படிக்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அந்த வீட்டில் பூனையை அவள் காலால் தள்ளாமல் இருக்கட்டும்.

வடகரப்பதி எழுதியது:

மூவருக்கும் நன்றி. இதைப் படித்துக் காட்டியபோது, விதைநெல்லுக்குக் காவல் என்ற இடத்தில் என் தாயார் நிறுத்தச் சொல்லி இரண்டாம் முறை கேட்டார். மருமகள் ஏப்ரலில் புறப்படுவதாக இருந்தாள். 'கூடி அமர்தல்' அவ்வூரில் எந்த மாதம் நடக்கும் என்று அந்த வீட்டாருக்கு எழுதிக் கேட்டபிறகு பயணச்சீட்டு எடுக்கும்படி சொல்லியிருக்கிறேன்.